ஒரகடம் வரை வந்த வைரஸும் நம்ம வீட்டு ஃபோட்டோக்களும்

1/ சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஒரகடம் ரோட்டில் போனால் வரிசையாகத் தொழிற்சாலைகள். அங்கே வேலை பார்க்கும் பலர் வீட்டில் இப்போது ஒரு சின்ன ஃபைல் சர்வர் இருக்கு. குழந்தையின் முதல் ஃபோட்டோ, அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட், வீட்டுப் பத்திரம் எல்லாம் அதுக்குள்ளதான். "சர்வர்ல பத்திரமா இருக்கு டாக்டர்" என்பார்கள். நிஜமாவே பத்திரமா? கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

2/ 1989 டிசம்பர். எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று சொல்லி சுமார் 20,000 ஃப்ளாப்பிகள் தபாலில் போயின. வாங்கியவர்களில் மருத்துவ ஆராய்ச்சியாளர்களும் உண்டு. கம்ப்யூட்டரை 90 தடவை போல ஆன் செய்த பிறகு ஃபைல் பெயர்கள் எல்லாம் குழம்பிப்போகும். மீட்க 189 டாலரை பனாமா முகவரிக்கு அனுப்பணும். உலகின் முதல் ரான்சம்வேர் இதுதான். ஆனால் அது பரவ, ஒருத்தர் கையால் ஃப்ளாப்பியைப் போடணும்.

3/ 2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை வந்தது. இதுக்கு யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. விண்டோஸில் ஃபோல்டரைப் பகிர உதவும் எஸ்எம்பி என்ற வழியின் பழைய முதல் பதிப்பில் ஓட்டை. ஒரு மெஷினில் நுழைந்தால், அதே நெட்வொர்க்கில் ஓட்டை உள்ள அடுத்த மெஷினுக்குத் தானே தாவும். தும்மலில் பரவும் கிருமி மாதிரி.

4/ 150 நாடுகளுக்கு மேல் பாதிப்பு. இங்கிலாந்தில் 236 அரசு மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80-க்கு பாதிப்பு; ஆயிரக்கணக்கான அப்பாயின்ட்மென்ட்கள் ரத்து. நம்ம பக்கத்தில், ஒரகடம் ரெனோ-நிசான் ஆலையும் தப்பவில்லை.

5/ வேதனை என்னன்னா, தடுப்பூசி தயாரா இருந்தது. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துட்டாங்க. இரண்டு மாதம் யாரும் போட்டுக்கொள்ளாத ஊசி.

6/ "என் சர்வர் லினக்ஸ், எனக்கு வராது" என்பீர்கள். சர்வருக்கு நோய் வர வேண்டாமே! லேப்டாப்பில் அதை 'இசட்' டிரைவாக இணைத்திருப்பீர்கள். லேப்டாப்புக்கு நோய் வந்தால், உங்கள் அனுமதியிலேயே அந்த டிரைவையும் பூட்டும். ஓனர்தான் மாத்துறார் என்று சர்வர் நினைக்கும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒரே நகல் வைத்தாலும் பயனில்லை. இரண்டிலும் ஒரே நொடியில் பூட்டு விழும்.

7/ 2022 ஜனவரியில் டெட்போல்ட் இன்னொரு வழி காட்டியது. இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடப்பட்ட கியூநாப் வீட்டு சர்வர்களை நேரடியாகவே பூட்டி, 0.03 பிட்காயின் கேட்டார்கள்.

8/ என் மருந்துச்சீட்டு:
• எஸ்எம்பி முதல் பதிப்பை ஆஃப் பண்ணுங்க. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க.
• பழைய ஃபோட்டோ ஃபோல்டரை தினசரி கணக்கு படிக்க மட்டும் முடியும்படி வையுங்க. எழுதத் தனி கணக்கு.
• தினமும் ஸ்னாப்ஷாட். அட்மின் பாஸ்வேர்டை லேப்டாப்பில் சேமிக்காதீங்க. கிடைத்தால் ஸ்னாப்ஷாட்டையும் அழிப்பான்.
• ரவுட்டரில் சர்வரை வெளியே திறக்காதீங்க.
• மாதம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் நகல். முடிந்ததும் கழற்றி பீரோவில் வையுங்க.

9/ நகலை ஒருமுறையாவது திறந்து பாருங்க. திறக்காத நகல், காலாவதி தேதி பார்க்காத மாத்திரை மாதிரி. இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு ஃபோட்டோவை அதிலிருந்து மீட்டுப் பாருங்க. வந்துச்சுன்னா நிம்மதியா தூங்கலாம்.