தலைக்கு ஒரு நாளைக்கு 76 ரூபாய்: சுகாதாரச் செலவை எப்படிக் கணக்கிடுவது?

நான் கொச்சிக்கடையில், அந்தோனியார் கோயிலுக்குக் கிட்ட இருக்கிறேன். வன்னியில் இருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். அம்மாவுக்கு பிரஷரும் சீனி வருத்தமும். 2022இல் கிளினிக்கில் மருந்து இல்லையென்று துண்டு எழுதித் தந்தார்கள். ஜம்பட்டா வீதிப் பாமசியில்தான் காசுக்கு வாங்கினோம். இலவச வைத்தியத்துக்கு அரசாங்கம் எவ்வளவு செலவழிக்கிறது என்று அப்போதுதான் பார்க்கத் தொடங்கினேன்.

அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. ஆனால் அரசின் சுகாதாரச் செலவு நீண்டகாலமாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 வீதத்தை அண்டியே நிற்கிறது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் அண்மைய ஆண்டுகளில் 40 வீதத்துக்கு மேல் மக்களின் சொந்தக் காசு.

2025 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு 604 பில்லியன் ரூபாய் என்று அறிவித்தார்கள். 2024 கணக்கெடுப்பின்படி சனத்தொகை 2 கோடியே 17 இலட்சத்துக்கு மேல். பிரித்தால் ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 27,700 ரூபாய். நாளுக்கு 76 ரூபாய்.

தொகை கூடினால் செலவு கூடிவிட்டது என்று நினைக்கக் கூடாது. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ரூபாயைத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. எங்கள் மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. அதே காசுக்குக் குறைந்த மருந்துதான் வரும். ஒதுக்கியதையும் வருட முடிவில் உண்மையில் செலவானதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சராசரி இன்னொன்றையும் மறைக்கிறது. 2009இல் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மேலேயே செல் விழுந்தது. அந்தக் காலத்தில் காயப்பட்டவர்கள் பலர் இன்றும் உடம்பில் செல் துண்டோடு இருக்கிறார்கள். செயற்கைக் கால் வருடங்களுக்கு ஒருக்கால் மாற்ற வேண்டும். அவர்களுக்கும் கணக்கில் அதே 76 ரூபாய்தான்.

யாழ். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். பல மாவட்ட, பிரதேச ஆஸ்பத்திரிகள் மாகாணத்தின் கீழ். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆளுநர் நிர்வாகமே நடந்தது. மாகாணத்துக்கு ஒதுக்கிய காசைக் கேள்வி கேட்க மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் இல்லாமல் போனது.

அடுத்த வரவு செலவுத் திட்டம் வரும்போது பில்லியனைக் கேட்டு மலைக்காதீர்கள். தலைக்கு எவ்வளவு, விலைவாசி கழித்தால் எவ்வளவு, அதில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு: இந்த மூன்றையும் கேளுங்கள்.