தெய்வச் செயலிலிருந்து ஃபோர்ஸ் மஜூர் வரை

2020 பிப்ரவரி 19 அன்று மத்திய நிதி அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. கொரோனா பரவலால் சரக்கு வரத்து தடைப்பட்டால் அதை இயற்கைச் சீற்றமாகக் கருதலாம். தேவைப்படும் இடத்தில் 'ஃபோர்ஸ் மஜூர்' ஷரத்தைப் பயன்படுத்தலாம் என்றது. அதுவரை வக்கீல்களும் டெண்டர் எடுப்பவர்களும் மட்டுமே அறிந்திருந்த அந்தப் பிரெஞ்சுச் சொல், சில வாரங்களில் வாடகைத் தகராறுகளிலும் அடிபடத் தொடங்கியது.

ஃபோர்ஸ் என்றால் வன்மை. மஜூர் என்றால் மேலானது. நம் சக்திக்கு மேற்பட்ட வன்மை என்பது பொருள். லத்தீனில் இது 'விஸ் மாயோர்'. நகராளும் மேயரும் படையில் உள்ள மேஜரும் இந்த 'மாயோர்' வழி வந்த சொற்களே.

ரோமானியச் சட்டத்தில் இந்தக் கருத்து வேரூன்றிய இடங்களுள் ஒன்று குத்தகை நிலம். பேரரசர் ஜஸ்டினியன் 533-இல் வெளியிட்ட 'டைஜஸ்ட்' தொகுப்பில் சட்ட அறிஞர் உல்பியன் ஒரு கோடு கிழிக்கிறார். ஆற்று வெள்ளம், பயிரைச் சூறையாடும் பறவைக் கூட்டம், பகைவர் படை ஆகியவற்றை யாராலும் எதிர்த்து நிற்க முடியாது. அந்த நட்டம் நிலத்துக்காரரைச் சேரும். குத்தகை கேட்க முடியாது. ஆனால் ஒயின் புளித்துப்போனாலும், புழுவோ களையோ பயிரைக் கெடுத்தாலும் அது குத்தகைக்காரர் பாடு. வெளியிலிருந்து வந்த கேடா, விளைபொருளுக்குள்ளேயே முளைத்த கேடா என்பதுதான் கேள்வி. அதே தொகுப்பில், கிரேக்கர்கள் விஸ் மாயோரை 'தெய்வத்தின் வன்மை' என்பார்கள் என்று மற்றொரு சட்ட அறிஞரான காயுஸ் சொல்கிறார்.

ஆங்கிலேயச் சட்டமும் தெய்வத்தைத் துணைக்கு அழைத்தது. 'ஆக்ட் ஆஃப் காட்' என்ற தொடர் 1581-இல் ஷெல்லி வழக்கிலேயே வருகிறது. ஆனால் மனிதர் இழைத்த கேட்டுக்கு அதில் இடமில்லை. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் இளவரசர் ரூபர்ட்டின் படை ஜேன் என்ற குத்தகைக்காரரை நிலத்திலிருந்து விரட்டிவிட்டது. விளைச்சலே கைக்கு வரவில்லை, பணம் எப்படிக் கட்டுவது என்றார் அவர். 1647-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது: தானே வாக்குக் கொடுத்தவர், விலக்கு வேண்டுமென்றால் அதையும் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

இந்தப் பிடி தளர இரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1861 ஜூனில், கச்சேரிக்கு வாடகைக்குப் பேசியிருந்த லண்டன் சர்ரே கார்டன்ஸ் மண்டபம், முதல் கச்சேரிக்குச் சில நாள் முன்பு எரிந்து சாம்பலானது. மண்டபமே இல்லாதபோது இரு தரப்புக்கும் கடமையில்லை என்று 1863-இல் நீதிபதி பிளாக்பர்ன் தீர்த்தார்.

இடையில் 1804-இல் பிரான்சின் உரிமையியல் சட்டத் தொகுப்பு ஃபோர்ஸ் மஜூருக்குச் சட்டத்திலேயே இடம் தந்திருந்தது. வணிக ஒப்பந்தங்களுக்கு இந்தப் பெயர் வசதியாக இருந்தது. மழை, புயல், இடி மட்டுமல்ல; போர், வேலைநிறுத்தம், அரசுத் தடை எல்லாம் இதற்குள் அடங்கும். 'ஆக்ட் ஆஃப் காட்' என்பதைவிட இது விரிந்தது என்பதை நம் உச்ச நீதிமன்றமும் 1961-இல் ஏற்றது.

ஆனால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இந்தச் சொல்லே கிடையாது. அதன் 56-ஆம் பிரிவு, செய்ய இயலாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது, அவ்வளவுதான். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமோ, தீ, புயல், வெள்ளம், படை, கலகக் கும்பல் என அடுக்கி, கடைசியில் 'தடுக்க முடியாத பிற சக்தி' என்று முடிக்கிறது. பழைய விஸ் மாயோர்தான்!

2017-இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி நாரிமன் இந்தச் சொல்லின் எல்லையைத் தெளிவாக்கினார். இந்தோனேசிய நிலக்கரியின் விலை ஏறிவிட்டது, பழைய கட்டணத்துக்கு மின்சாரம் தர இயலாது என்றன மின் நிறுவனங்கள். விலையேற்றம் கட்டுப்படியாகாமல் போகலாம். அதனால் மட்டும் கடமை நீங்காது என்றது தீர்ப்பு. ஷரத்து இருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் 56-ஆம் பிரிவின்படி.

ஆகவே பெயரைச் சொன்னதாலேயே யாருக்கும் விலக்குக் கிடைத்துவிடாது. உங்கள் ஒப்பந்தத்தில் எந்தெந்தக் கேடுகள் எழுதப்பட்டுள்ளன, எத்தனை நாளுக்குள் எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்க வேண்டும், கேடு நீங்கும்வரை பணம் கட்ட வேண்டுமா என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.