கட்டில் அவசியமா?

ராஜகீழ்ப்பாக்கத்தில் நின்றுகொண்டு 'சானடோரியம் எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள். ரயில்வே ஸ்டேஷனுக்கு வழி சொல்வார்கள். காசநோய் மருத்துவமனையைக் குறித்த அந்த வார்த்தை, இன்று ஏரியாவுக்கே பெயராகிவிட்டது.

அதை ஆரம்பித்தவர் டாக்டர் சௌரிமுத்து. இங்கிலாந்தில் சானடோரியம் நடத்தியவர். 1917-ல் கணிதமேதை ராமானுஜன்கூட அங்கே சிகிச்சை பெற்றார். 1928-ல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு ஒன்றைத் திறந்தார் டாக்டர். அப்போது டி.பி-யைக் குணமாக்கும் மருந்தே கிடையாது. நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு... அவ்வளவுதான் வைத்தியம்! மாதக்கணக்கில் ஆளைப் படுக்கவைத்துச் சோறு போடுவது செலவு பிடித்த சமாசாரம் அல்லவா? 1937-ல் சென்னை மாகாண அரசு மருத்துவமனையை ஏற்றுக்கொண்டது.

பிறகு மருந்துகள் வந்தன. ஆனால், நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், கட்டில்களோ ஆயிரக்கணக்கில்தான். கட்டில் கிடைக்காதவர் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டால் பிழைப்பாரா?

விடை தேட 1956-ல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் முளைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவற்றோடு நம் மாநில அரசும் அதில் பங்காளி. 193 ஏழை நோயாளிகளில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு, மீதிப் பேர் வீட்டுக்கு. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் தேறியவர்கள் 92 சதவிகிதம். நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தவர்கள்? 86 சதவிகிதம்! குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமே வீட்டு சிகிச்சைக்கு மாற இது வழிகாட்டியது.

யோசித்துப் பாருங்கள். சானடோரியம் நடத்துகிற அரசே, 'சானடோரியம் தேவையில்லை' என்று சொல்லிவிடக்கூடிய ஆராய்ச்சிக்குத் தோள் கொடுத்திருக்கிறது!

சரி, இனி தாம்பரம் தண்டச் செலவுதானே என்று அரசு இழுத்து மூடிவிடவில்லை. நல்லவேளை! 1990-களில் எய்ட்ஸ் என்றாலே பல ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்தியபோது, கட்டில் கொடுத்தது இந்தத் தாம்பரம்தான். 2004 ஏப்ரலில் மத்திய அரசின் இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கிய முதல் சில மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று. 2005-ல் பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அதன் செலவிலும் மாநில அரசுக்குப் பங்கு உண்டு.

பட்ஜெட்டில் மருத்துவ ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணம் அடுத்த வருஷமே லாபக் கணக்கு காட்டாது. சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது, அந்த 193 பேரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.