கர்ப்ப ஆட்சி: ஒரு சொல் மறைந்த விதம்

கர்ப்பத்தடை, கர்ப்ப ஆட்சி, குடும்பக் கட்டுப்பாடு, குடும்ப நலம். ஒரே விஷயத்துக்குத் தமிழில் நாலு பெயர்கள். முதல் இரண்டில் பெண்ணின் உடம்பு இருக்கிறது. பிந்திய இரண்டில் இல்லை. இது தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை.

லண்டனில் 1877ல், நோல்டனின் கர்ப்பத்தடைப் பிரசுரத்தை மறுபதிப்புச் செய்ததற்காக பிராட்லாவும் அன்னி பெசண்டும் கூண்டில் நின்றார்கள். தண்டனை மேல்முறையீட்டில் ரத்தாயிற்று. ஆனால் மறு வருஷம் பெசண்டிடமிருந்து அவர் மகளைக் கோர்ட் பிரித்துவிட்டது. தியஸாபிஸ்ட் ஆனபின், 1891ல், இது பற்றித் தாமே எழுதிய புத்தகத்தையும் விற்பனையிலிருந்து வாபஸ் வாங்கிக்கொண்டார். 1893ல் இந்தியாவுக்கு வந்த பெசண்டின் மூட்டையில் அந்தச் சரக்கு இல்லை. (அடையாறுக்கு ஞானம் மட்டும் வந்து சேர்ந்தது.)

இங்கே கேள்வியைத் திருப்பிப் போட்டவர் பெரியார். தாயின் தேக நலம், குடும்ப வருமானம், தேசத்தின் வறுமை என்று மற்றவர்கள் காரணம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெண் சுயேச்சை பெறுவதற்கே கர்ப்பத்தடை வேண்டும் என்று குடி அரசில் எழுதினார். பிள்ளைப்பேறு அதற்குத் தடை என்றால் பெறுவதையே விட்டுவிடலாம் என்கிற எல்லைவரை போனார். சரியோ தவறோ, பெண்ணைக் கருவியாக்காத ஒரே வாதம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். மற்ற எல்லாக் காரணங்களும் வேறு யாருக்காகவோ அவள் உடம்பை நிர்வகிக்கின்றன. 'ஆட்சி' என்ற சொல்லின் கனம் இங்கேதான். ஆள்பவள் அவள்.

1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்த மார்கரெட் சாங்கரிடம் காந்தி சுயகட்டுப்பாட்டை உபதேசித்தார். பதினாறு வருஷம் கழித்து சுதந்திர சர்க்காரும் ஏறக்குறைய அதே வழியில்தான் தொடங்கியது. 1951ல் ஆப்ரஹாம் ஸ்டோனை வரவழைத்து, எந்த நாள் ஆபத்து, எந்த நாள் ஆபத்தில்லை என்று எண்ணிப் பார்க்கப் பெண்கள் கையில் வர்ண மணிகள் கோத்த மாலைகளைக் கொடுத்தார்கள். புருஷனிடம் மறுப்புச் சொல்ல முடியாதவளுக்கு நாள் தெரிந்து என்ன பிரயோஜனம் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பிறகு மாலை போய்க் கத்தி வந்தது. சென்னை ராஜ்யம் 1950களின் இறுதியிலேயே அறுவைக்கு ரொக்கம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. பெண்ணின் சுயேச்சை பற்றிய பேச்சு போய், இலக்கு, முகாம், எண்ணிக்கை என்றாயிற்று. நெருக்கடி நிலையின்போது, 1976-77ல் மட்டும், 80 லட்சம் பேருக்கு மேல் அறுவை. அதில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்கள். ஆண்களின் கோபம் 1977 தேர்தலில் தெரிந்தது. உடனே இலாகாவின் பெயர் 'குடும்ப நலம்' ஆயிற்று. கத்தி பெண்கள் பக்கம் திரும்பியது. அவர்கள் கோபத்துக்கு எந்த சர்க்காரும் கவிழவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டவை 0.3 சதவீதம்.

கிராமத்துப் பெண்கள் பேச்சில் நான் கேட்டது 'ஆப்பரேஷன் பண்ணிட்டாங்க' என்றுதான். அந்த 'ஆங்க' யார் என்று அவர்கள் சொல்வதில்லை.