மபுனிக் குன்று: எலும்புக் குவியலிலிருந்து பெயர்ச் சுவர் வரை

ஒகினாவாத் தீவின் தென்முனையில், இத்தோமன் நகர எல்லைக்குள், பசிபிக் கடலைப் பார்த்தபடி நிற்கிறது மபுனிக் குன்று. செங்குத்துப் பாறைகள், கீழே நீலக்கடல், மேலே சீராக வெட்டிய புல்வெளி எனக் கண்ணுக்கு இதமான இந்த அமைதி நினைவுப் பூங்கா ஒரே காலத்தில், ஒரே நோக்கத்தோடு எழுந்ததன்று. போரில் மாண்டவர்களில் யாரை, எப்படி நினைப்பது என்ற வழக்கு இங்கே எண்பது ஆண்டுகளாக நடக்கிறது. அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கல் சாட்சி உண்டு.

1945 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கப் படை ஒகினாவாவின் பெருந்தீவில் இறங்கியது. ஷுரிக் கோட்டைக்கு அடியில் சுரங்கத் தலைமையகம் அமைத்திருந்த ஜப்பானின் 32ஆம் படை, மே இறுதியில் தெற்கே பின்வாங்கியது. பொதுமக்கள் தஞ்சம் புகுந்திருந்த பகுதியும் அதுவே. குகைகளில் ஒளிந்திருந்த குடும்பங்களைச் சொந்த நாட்டுப் படையினரே வெளியேற்றிய நிகழ்வுகள் பல. படைத்தலைவர் உஷிஜிமா மித்சுரு மபுனியில் தற்கொலை செய்துகொண்ட நாளாகக் கருதப்படும் ஜூன் 23, இன்று ஒகினாவாவின் நினைவு நாள். இறந்தோர் 2 லட்சத்துக்கும் மேல். ஒகினாவா மக்களில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர்.

முதல் நினைவுச்சின்னங்களை அரசு எழுப்பவில்லை. போருக்குப் பின் அருகிலுள்ள கொமேசுப் பகுதியில் குடியேற்றப்பட்ட மவாஷி கிராமத்தார், பயிரிடப்போன இடமெல்லாம் எலும்புகளைக் கண்டனர். 1946இல் அவற்றைத் திரட்டி, மேலே கல்லடுக்கி, ‘கொன்பாகு நோ தோ’ என்ற நினைவிடத்தை எழுப்பினர். அங்கே சேர்ந்தவை சுமார் 35,000 பேரின் எச்சங்கள். படைவீரனா, விவசாயியா, எந்த நாட்டவன் என்று பிரித்தறிய வழியில்லை, பிரிக்கவும் இல்லை.

பிரித்தது அடுத்த கட்டம். 1952இல் உஷிஜிமாவுக்கும் அவருக்குக் கீழிருந்த தலைமைப் பணியாளர் அதிகாரிக்கும் குன்றின் உச்சியில் நினைவுத்தூண் எழுந்தது. ஒகினாவா அமெரிக்க ஆட்சியில் இருந்த 1960களில், ஜப்பானின் பிற மாகாணங்கள் தத்தம் வீரர்களுக்கு இங்கே போட்டி போட்டுக்கொண்டு கல் நட்டன. மபுனியில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டவை. பளபளக்கும் கல்லும் விதவிதமான வடிவமுமாகச் சிற்பக் கண்காட்சியோ என்று எண்ணத் தோன்றும். பல கல்வெட்டுகள் வீரத்தைப் புகழ்கின்றன. ஒகினாவா மக்களின் சாவைப் பேசுபவை மிகச் சில. உயிரிழந்த உறவினரைத் தேடி வந்த குடும்பங்களோடு போர்க்களச் சுற்றுலாவும் வளர்ந்தது. 1972 மே 15 அன்று ஒகினாவா ஜப்பானிடம் திரும்பியபோது இப்பகுதி தேசியப் பூங்காவுக்கு அடுத்த தகுதி பெற்றது.

1975இல் திறந்த மாகாண அருங்காட்சியகமும் படையின் பெருமையையே காட்டுகிறது என்று எதிர்ப்புக் கிளம்ப, 1978இல் உயிர்பிழைத்தவர்களின் வாக்குமூலங்களை மையமாக வைத்துக் காட்சி மாற்றப்பட்டது. 1999இல், புதிய கட்டடத்துக்கான குகைக் காட்சியில் ஜப்பானியச் சிப்பாயின் துப்பாக்கியை அகற்றும் முயற்சி வெளிவந்து, கண்டனத்துக்குப் பின் கைவிடப்பட்டது. ஒரு பொம்மையின் கையில் துப்பாக்கி இருப்பதா, இல்லையா என்பதில் போரின் பொறுப்பு முழுவதும் அடங்கியிருந்தது.

இவற்றுக்கு இடையே, மாணவப் படையில் சேர்க்கப்பட்டு உயிர்பிழைத்த ஓட்டா மசாஹிதே ஆளுநராக இருந்தபோது, 1995 ஜூன் 23 அன்று ‘அமைதியின் அடித்தளம்’ திறக்கப்பட்டது. கருங்கல் சுவர்களில் இன்று 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள். எதிரி, நண்பன், படைவீரர், பொதுமக்கள் என்ற பேதமில்லை, பதவியும் பொறிக்கப்படவில்லை. ஒகினாவாவினர் ஊர்வாரியாக நிற்கிறார்கள். பெயரிடப்படாமலே மாண்ட குழந்தை, இன்னாரின் பிள்ளை என்று மட்டும் இருக்கிறது.

இந்தச் சமத்துவத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. மக்களைப் போர்முனைக்கு நடுவே தள்ளிய உஷிஜிமாவின் பெயரும் அங்கே உண்டு. கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட கொரியரில் சில நூறு பெயர்களே உள்ளன. பெயரைப் பொறிக்க மறுத்த குடும்பங்களும் இருக்கின்றன. ஆனாலும், மாகாணக் கற்கள் ஒதுக்கிய ஊர்மக்களைக் குன்றுக்குக் கொண்டுவந்தது இந்தச் சுவர்தான்.

தெற்குப் பகுதி மண்ணில் இன்னும் எலும்புகள் கிடைக்கின்றன. ஹெனோகோவில் அமெரிக்கத் தளத்துக்காகக் கடலைத் தூர்க்க அம்மண்ணையும் எடுக்கலாம் என்ற திட்டத்தை எச்சங்களைத் தேடுவோர் எதிர்க்கின்றனர். பூங்காவைக் காணச் செல்பவர்கள் முதலில் கொமேசு சென்று, பிறகு குன்றேறி, கடைசியாகச் சுவர்களுக்கு வர வேண்டும்.