அரசாங்கம் போட்ட முதல்

கவலை கட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் குடியானவர்களுக்கு ஓயாத செலவு ஒன்று இருந்தது. மாடுகள் சரிவில் இறங்க இறங்கக் கிணற்றிலிருந்து சால் மேலே வரும். அதன் அடியில் தைத்திருக்கும் தோல் தும்பி வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். நாள் முழுக்க நனைவதும் இரவில் காய்வதுமாகக் கிடக்கிற அந்தத் தோல் சீக்கிரம் இற்றுப்போகும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலாக இருந்தால், தண்ணீரில் ஊற ஊறப் பட்டைச் சாரம் கரைந்து வெளியேறும். பிறகு தோல் அழுகத் தொடங்கும். தும்பி கிழிந்தால் அன்றைய பாசனம் நின்றது என்று பொருள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பொறியியல் பேராசிரியர் இதற்கு மாற்றுத் தேடினார். குரோமிய உப்பில் பதனிட்ட தோல் தண்ணீரை நெடுநாள் தாங்கும். அமெரிக்கர்கள் அந்த முறையை அதற்குள் தொழிலாகவே வளர்த்துவிட்டார்கள். மதராஸ் தோலைக் கொண்டு அதை இங்கே செய்து பார்க்க வேண்டும் என்றார் அவர். பரிசோதனை 1903இல் தொடங்கியது. செலவை ஏற்றது மதராஸ் அரசாங்கம்.

புதிய தொழிலுக்குப் பொதுப் பணத்தைக் கொடுக்கலாமா, கொடுத்தால் யார் முடிவு செய்வது, நட்டம் வந்தால் யார் பதில் சொல்வது என்ற கேள்விகளை இன்று ஸ்டார்ட்அப் நிதி வழங்கும் ஒவ்வொரு மாநில அமைப்பும் சந்திக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே மதராஸ் மாகாணம் இதே கேள்விகளோடு மல்லுக்கட்டியது. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு விடைகளைச் செய்தும் பார்த்தது.

அந்தப் பேராசிரியரின் பெயர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1888இல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். பிறகு, அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. ஓவியமும் சிற்பமும் மரவேலையும் கற்றுத்தந்த அந்தப் பள்ளியில் அவர் தொழிற்கூடம் ஒன்றை உருவாக்கினார். அன்றைய சூழலும் அவருக்குத் துணை நின்றது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டிருந்தனர். நாட்டு மக்களில் பெரும்பாலோர் நிலத்தை மட்டுமே நம்பியிருப்பதுதான் பஞ்சத்தின் வேர்களில் ஒன்று, வேறு தொழில்கள் வளர வேண்டும் என்று 1880இல் பஞ்ச விசாரணைக் குழு எழுதியது. ஆனால் புதுத் தொழில்களுக்கு முதல் போடுவது யார் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

சாட்டர்டன் முதலில் கையிலெடுத்தது அலுமினியத்தை. மின்பகுப்பு முறை 1886இல் கண்டுபிடிக்கப்பட்டதும் அதன் விலை மளமளவென்று சரிந்திருந்தது. பித்தளைப் பாத்திரமும் செம்புப் பாத்திரமும் புழங்கிய வீடுகளில் அவற்றுக்கு அடிக்கடி ஈயம் பூச வேண்டும். இல்லாவிட்டால் புளிக்குழம்பு கெட்டுவிடும். அலுமினியத்துக்கு ஈயப் பூச்சு வேண்டாம், எடையும் குறைவு. பித்தளை தட்டிப் பழகிய கன்னாரின் கைக்குப் புது உலோகமும் படிந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். 1898இல் அரசாங்க அனுமதியோடு கலைப்பள்ளியில் அலுமினியப் பிரிவு தொடங்கியது. பாத்திரங்கள் விற்றன. பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன் முன்முயற்சியில் 1900இல் இந்தியன் அலுமினியம் கம்பெனி உருவாயிற்று. 1903இல் பள்ளியின் அலுமினியப் பிரிவையே அந்தக் கம்பெனி வாங்கிக்கொள்ள, அரசாங்கம் அந்தத் தொழிலிலிருந்து விலகிக்கொண்டது.

சாட்டர்டனின் முறை இதுதான். தனியார் இறங்கத் தயங்கும் தொழிலில் அரசாங்கம் இறங்கும். செய்து காட்டும், விற்றும் காட்டும். நடக்கும் என்று தெரிந்ததும் தொழிலைத் தனியாரிடம் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். தோல்வி வந்தால் அது அரசாங்கத்தோடு போகட்டும், எந்தக் குடும்பத்தின் சேமிப்பும் அழிய வேண்டாம்.

குரோம் தோலும் அதே வழியில் வளர்ந்தது. சாலுக்கும் தும்பிக்கும் மட்டுமல்ல, செருப்புக்கும் பூட்ஸுக்கும் அந்தத் தோல் போயிற்று. கிணற்றில் எண்ணெய் எஞ்சினும் பம்பும் வைத்து இறைக்கும் பரிசோதனைகளும் நடந்தன. விசைத்தறிக்கும் மில்லுக்கும் ஈடுகொடுக்கக் கைத்தறியை மேம்படுத்தச் சேலத்தில் ஒரு நெசவுச்சாலை திறந்தார்கள். அது எளிதாக நடக்கவில்லை. வீட்டில் தன் தறியில் தன் நேரத்துக்கு நெய்தவர்கள், மணியடித்து வரவும் போகவும் வேண்டிய சாலையில் கால் பதிக்கவில்லை. ஆனால் அந்தப் பாடமும் அரசாங்கச் செலவிலேயே கிடைத்தது. நெசவாளர் யாரும் கடனாளியாகவில்லை.

1908 செப்டம்பரில் உதகமண்டலத்தில் தொழில் மாநாடு கூடியது. தனித் தொழில் துறை வேண்டும், அதற்கு இயக்குநர் வேண்டும் என்று மாநாடு கேட்டது. அங்கேதான் எதிர்ப்பும் திரண்டது. அரசாங்கமே தோல் விற்றால் நாங்கள் எப்படி வியாபாரம் செய்வது என்று மெட்ராஸ் சேம்பர் ஆஃப் காமர்ஸின் ஐரோப்பிய வணிகர்கள் முறையிட்டார்கள். இந்தியர்களில் பலர் மறுபக்கம் நின்றார்கள். சுதேசி இயக்கம் சூடாக இருந்த காலம் அது. உள்நாட்டில் தொழில் வளர அரசாங்கம் ஒருமுறையாவது கை கொடுக்கிறதே என்பது அவர்கள் வாதம்.

தீர்ப்பு லண்டனிலிருந்து வந்தது. இந்தியாவுக்கான அமைச்சர் மோர்லி பிரபு, 1910 ஜூலை 29 தேதியிட்ட கடிதத்தில் மதராஸின் கொள்கையை நிராகரித்தார். அரசாங்கப் பணம் தொழிற்கல்விக்குப் போகலாம். புதிய முறைகளைக் கற்றுத்தரலாம். சந்தையில் இறங்கித் தொழில் நடத்தக் கூடாது. சேலம் நெசவுச்சாலை மூடப்பட்டது. குரோம் தோல் தொழிற்சாலை 1911இல் ரேவா சமஸ்தான மகாராஜாவுக்கு விற்கப்பட்டது. சாட்டர்டன் 1912இல் மைசூருக்குப் போனார். மதராஸ் அனுப்பிவிட்ட மனிதரை அங்கே தொழில், வணிகத் துறை இயக்குநராக்கினார்கள். சமஸ்தானத்தின் சந்தன எண்ணெய் ஆலை தொடங்கியது அவர் அங்கே இருந்தபோதுதான்.

தடை நீடிக்கவில்லை. 1914இல் மதராஸில் தொழில் துறை உயிர் பெற்றது. அதே ஆண்டு உலகப் போர் மூண்டது. கப்பல்கள் வராமல் போகவே ரசாயனத்துக்கும் இயந்திரத்துக்கும் கருவிக்கும் இந்தியா எவ்வளவு தூரம் வெளியாரை நம்பியிருக்கிறது என்பது ஆட்சியாளர்களுக்கே உறைத்தது. தாமஸ் ஹாலண்ட் தலைமையில் 1916இல் இந்தியத் தொழில் ஆணையம் அமைந்தது. சாட்டர்டனும் அதில் உறுப்பினர். தொராப்ஜி டாடாவும் மதன் மோகன் மாளவியாவும் இருந்தார்கள். தொழில் வளர்ச்சியில் அரசு முனைந்து பங்கெடுக்க வேண்டும் என்று 1918இல் ஆணையம் அறிக்கை தந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் மோர்லி மூடிய கதவை ஏகாதிபத்தியத்தின் சொந்த ஆணையமே திறந்துவிட்டது.

அடுத்து வந்த 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில் துறையை மாகாண அமைச்சர்களிடம் ஒப்படைத்தது. 1920 தேர்தலில் வென்று நீதிக்கட்சி அமைத்த அமைச்சரவையில் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு அந்தப் பொறுப்பில் இருந்தார். மதராஸ் தொழில்களுக்கான அரசு உதவிச் சட்டம் 1922இல் சட்டசபையில் நிறைவேறி, 1923ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமாக நூலேறியது. இந்தியாவில் இந்த வகையில் இதுவே முதல் சட்டம். பீகார்-ஒரிசா அதே 1923இல் பின்தொடர்ந்தது. வங்காளம் 1931இல்தான் வந்து சேர்ந்தது.

சட்டம் படிக்க அழகானது. புதிதாக முளைத்த தொழில்கள், ஒரு வட்டாரத்துக்குப் புதிதாக வரும் தொழில்கள், குடிசைத் தொழில்கள் ஆகியவற்றுக்கே உதவி என்று அது வரையறுத்தது. கடன் தரலாம், வங்கிக் கடனுக்கு அரசு உத்தரவாதம் நிற்கலாம், பங்கு வாங்கலாம், நிலமும் நீரும் மூலப்பொருளும் சலுகையில் கொடுக்கலாம், இயந்திரத்தைத் தவணையில் தரலாம். விண்ணப்பங்களை ஆராய்ந்து ஆலோசனை சொல்ல அதிகாரிகளும் வெளியாரும் அடங்கிய வாரியம் உண்டு. உதவி பெற்றவர் கணக்குக் காட்ட வேண்டும், ஆய்வுக்குக் கதவு திறக்க வேண்டும். சாட்டர்டன் காலத்தில் ஒரு மனிதரின் மதிப்பீட்டை நம்பி நடந்த காரியம் இப்போது விதிக்கும் வாரியத்துக்கும் சட்டசபைக்கும் கட்டுப்பட்டது. பொதுப் பணத்துக்கு இப்படி ஒரு காவல் அவசியம் என்பதில் ஐயமில்லை.

சிக்கல் கடன் விதியில் இருந்தது. தொழிலுக்கு இருக்கும் சொத்தை மதிப்பிட்டு, ஏற்கெனவே உள்ள பாத்தியதைகளைக் கழித்து, மிஞ்சுவதில் பாதிக்கு மேல் கடன் கூடாது. அதற்கும் சொத்து முழுவதையும் ஈடு வைக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவரிடம் என்ன சொத்து இருக்கும்? தறி ஒன்றும் வாடகைக் கொட்டகை ஒன்றும் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கில் தேறுவது சொற்பம். புதிய தொழிலுக்கென்றே இயற்றிய சட்டம், ஏற்கெனவே கட்டடமும் இயந்திரமும் வைத்திருப்பவர் வாசலில்தான் போய் நின்றது.

சொத்து உள்ள இடத்திலும் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இந்தச் சட்டத்தின்கீழ் கொடுத்த பெரிய கடன்களில் ஒன்று ராஜமுந்திரியில் நிறுவப்பட்ட கர்நாடிக் காகித ஆலைக்குப் போயிற்று. ஆலை தலையெடுக்கவில்லை. ஈடாக எழுதி வாங்கிய இயந்திரங்கள் பத்திரத்தில் பெறுமதியோடு இருந்தன. ஓடாத ஆலையின் இயந்திரத்தை வாங்க ஆள் வேண்டுமே. அந்தச் சூடு பட்டபின் அரசாங்கத்தின் கை மேலும் இறுகிற்று. பல ஆண்டுகள் கழித்தும் உதவி பெற்ற தொழில்கள் கொஞ்சமே.

சுதந்திரத்துக்குப் பிறகு மதராஸ் மறுபடி முந்திக்கொண்டது. மாநில நிதிக் கழகங்களுக்கான மத்தியச் சட்டம் 1951இல்தான் வந்தது. இங்கே 1949லேயே மதராஸ் தொழில் முதலீட்டுக் கழகம் கம்பெனியாகப் பதிவாகிவிட்டது. இன்றைய தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் அதுதான். 1965இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ பிறந்தது. கடன் கொடுத்துவிட்டுத் தவணைக்குக் காத்திருக்காமல், தனியாரோடு சேர்ந்து தொழிலில் பங்கு போடுவது அதன் வழி.

அந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓசூரே சாட்சி. கைக்கடிகாரம் என்றாலே எச்எம்டி என்றிருந்த எழுபதுகளில், டாடா குழுமத்தின் செர்க்செஸ் தேசாய் புதுத் தொழில் தேடிக்கொண்டிருந்தார். டிட்கோவில் அப்போது பொறுப்பில் இருந்தவர் ஐராவதம் மகாதேவன். தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளையும் சிந்து எழுத்துகளையும் ஆராய்ந்த அதே மகாதேவன். கடிகாரத் தொழிற்சாலை யோசனை அவர்கள் பேச்சில் வளர்ந்தது. அனுமதிகளுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தபின் 1984இல் டிட்கோவும் டாடாவும் கூட்டாக டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. டிட்கோ அந்தப் பங்குகளை விற்கவில்லை. இன்றும் நிறுவனத்தில் கால் பங்குக்கு மேல் அதன் கையில் இருக்கிறது. அரசு வெறும் கடன் கொடுத்திருந்தால் வட்டியோடு கணக்கு முடிந்திருக்கும்.

அதே 1984இல் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றமும் அமைந்தது. கல்லூரி மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களுக்கு அது கொடுக்கும் தொகை சிறியது. ஆனால் எந்த ஈடும் கேட்காத பணம் அது. இப்போது அந்தப் போக்கு ஸ்டார்ட்அப் வரை நீண்டிருக்கிறது. சிறு, குறு தொழில் துறையின்கீழ் இயங்கும் ஸ்டார்ட்அப் டிஎன், டான்சீட் திட்டத்தில் தொடக்க நிலை நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய் விதை நிதி தருகிறது. வல்லுநர் குழு முன்னால் தொழில்முனைவோர் தங்கள் பொருளையும் சந்தையையும் விளக்க வேண்டும். 2022-23 வரவு செலவுத் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கென 30 கோடி ரூபாயில் தனி நிதி அறிவிக்கப்பட்டது. அந்த நிதியின் மூலம் அவர்களுடைய நிறுவனங்களில் அரசு பங்குதாரராகச் சேர்கிறது. தலைமுறைகளாக ஈடு வைக்க நிலமோ வீடோ இல்லாத சமூகங்களுக்கு இந்த மாற்றம் எத்தனை பெரிது என்பதை 1922 சட்டத்தின் கடன் விதியோடு வைத்துப் பார்த்தால் புரியும்.

பத்து ஆரம்ப நிலை நிறுவனங்களில் பல நிலைக்காமல் போகும். இந்தத் தொழிலின் இயல்பு அது. அரசுத் தணிக்கையோ ஒவ்வொரு கோப்பாகப் பார்க்கப் பழகியது. மூடிப்போன ஒரு நிறுவனத்தின் கோப்பைக் கையில் எடுத்தால், சேலம் நெசவுச்சாலையும் ராஜமுந்திரிக் காகித ஆலையும் ஒன்றுபோலத்தான் தெரியும். முன்னது எதைச் செய்யக் கூடாது என்று கற்றுக்கொடுத்த சோதனை. பின்னது ஈடு இருக்கிறது என்ற தைரியத்தில் ஒரே இடத்தில் கொட்டிய பணம். இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், தேர்வுக் குழு ஒரு நிறுவனத்தை ஏன் எடுத்தது, எதை எதிர்பார்த்தது, எந்தக் கட்டத்தில் நிறுத்த முடிவு செய்தது என்பதெல்லாம் அன்றன்றே எழுதப்பட்டுப் பொதுவில் வைக்கப்பட வேண்டும். சாட்டர்டன் தம் சோதனைகளின் வரவையும் செலவையும் அறிக்கைகளாக எழுதி அச்சிட்டார். அதனால்தான் சேம்பர் ஆஃப் காமர்ஸ் அவரோடு சண்டை போட முடிந்தது, அவரை ஆதரித்தவர்களும் பதில் சொல்ல முடிந்தது. டான்சீட் நிதி பெற்ற நிறுவனங்களின் ஐந்தாண்டு, பத்தாண்டுக் கணக்குகளும் அவ்வளவு விரிவாகச் சட்டமன்றத்துக்கும் மக்களுக்கும் கிடைக்க வேண்டும். வென்றவர்களின் பட்டியலோடு மூடியவர்களின் பட்டியலும் அதில் இருக்க வேண்டும்.