நெய்வேலி மண்ணில் பழைய பள்ளிக்கூடங்கள்

வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட நகரியத்தையும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளையும் காண்போர், நெய்வேலி ஒரு காலத்தில் வானம் பார்த்த கொல்லைகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர் என்பதை எளிதில் நினைத்துப் பார்ப்பதில்லை. அத்தகைய ஊர்களின் கல்வியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய சான்று, சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கணக்கெடுப்பாகும். தென்னார்க்காடு உள்ளிட்ட மாவட்டங்களின் கலெக்டர்கள் பள்ளிகளையும் மாணவர்களையும் எண்ணி எழுதினர். படிவத்தில் முஸ்லிம் பிள்ளைகளுக்கெனத் தனிப் பத்தி இருந்தது. 1826இல் மன்றோ தந்த மொத்தக் கணக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஆசிரியரின் மாத வருவாய் பெரும்பாலும் ஆறேழு ரூபாயைத் தாண்டவில்லை என்றும் அவர் குறித்துள்ளார்.

அப்பள்ளிகளில் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகளே. பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினர்; பிறகு ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. எண்சுவடி மனப்பாடம். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னையில் இம்முறையைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அங்கே அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வழங்கியது. நம் திண்ணைக்கு இப்படியும் ஒரு பெருமை!

வீட்டில் கற்போர் பலர் இக்கணக்கில் வரவில்லை என்பதை மன்றோவே ஒப்புக்கொண்டார். நமக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. வீட்டுக்குள் குர்ஆன் ஓதவும் அரபுத் தமிழ் படிக்கவும் கற்ற நம் பெண்மக்களை எந்தக் கலெக்டர் எண்ணியிருப்பார்? அவர்களைக் கல்லாதோர் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையன்று. தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்றும் கற்குமிடத்தைப் பள்ளிக்கூடம் என்றும் அழைக்கும் நம் மொழி இரண்டையும் ஒரே சொல்லால் இணைத்துள்ளது.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டுகையில் கரிய பொருள் வெளிப்பட்டது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. 1961இல் நிலக்கரிப் படுகை வெட்டித் திறக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் முதல்வராயிருந்த காமராசர் சிற்றூர்கள்தோறும் தொடக்கப் பள்ளிகளைப் பெருக்கி, மதிய உணவையும் வழங்கினார். ஆகவே நெய்வேலிப் பகுதியில் இரண்டு வேலைகள் ஒரே காலத்தில் நடந்தன: ஒருபுறம் நகரியத்தில் புதிய பள்ளிகள் எழுந்தன, மறுபுறம் சுரங்கத்திற்காக ஊர்கள் இடம்பெயர்ந்தன. பெயர்ந்த ஊருக்குப் பட்டாவும் இழப்பீட்டுக் கணக்கும் உண்டு. திண்ணைக்கு எந்தக் கணக்கும் இல்லை. பெரியவர்களின் பழைய மாற்றுச் சான்றிதழ்கள் நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்குமாயின், அவற்றிலுள்ள பள்ளிப் பெயரையும் ஊர்ப் பெயரையும் இப்போதே படியெடுத்து வைப்போம், மை மங்கிக்கொண்டிருக்கிறது.